இரை எடுக்காமல் தலைகீழாகத் தொங்கும் கும்பிடுபூச்சி

சேலம் அஸ்தம்பட்டியில் வசிக்கும் ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வியின் சுருக்கம் இது. தீபாவளி விடுமுறையில் ஏற்காட்டில் உறவினரின் காப்பித் தோட்டத்துக்குப் போயிருந்தபோது, ஆறாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன் விரல் நீளமுள்ள ஒரு பச்சைக் கும்பிடுபூச்சியைப் பிடித்து, ஹார்லிக்ஸ் பாட்டிலில் விட்டு, வாய்க்கு மெல்லிய துணி கட்டி வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டான். அதற்கு இறக்கை இல்லை; முதுகில் இரண்டு மொட்டுகள் போல உப்பியிருக்கின்றன. வயிறு கொழுத்திருந்தும் மூன்று நாளாக எதையும் தின்னாமல் துணியைப் பற்றித் தலைகீழாகத் தொங்குகிறது. எந்தப் பக்கம் நின்றாலும் அது தன்னையே பார்ப்பதாகப் பையன் சொல்கிறான். இது சாகப்போகிறதா, வீட்டில் வைத்து வளர்க்கலாமா, என்ன கொடுப்பது என்று கேட்கிறார்.

முதலில் அவசரமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் எழுதியிருக்கும் அடையாளங்கள் எல்லாம் அது தோலுரிக்கும் நாள் நெருங்கிவிட்டதையே காட்டுகின்றன. கும்பிடுபூச்சி தோலுரிப்பதற்குச் சில நாள் முன்பிருந்தே இரையை ஒதுக்கும், உயரமான இடமாகப் பார்த்துத் தலைகீழாகத் தொங்கும், அசைவைக் குறைத்துக்கொள்ளும். முதுகிலுள்ள மொட்டுகள் உப்பியிருப்பதால், அவற்றுக்குள் மடிந்து கிடக்கும் இறக்கைகள் முற்றிவிட்டன என்று பொருள். ஆகவே இதுதான் அதன் கடைசித் தோலுரிப்பு. இது நல்லபடியாக முடிந்தால் அது இறக்கையுள்ள முழு வளர்ச்சி பெற்ற பூச்சியாகிவிடும். வயிறு ஒட்டிப்போய், கால்கள் தளர்ந்து, தரையில் கிடந்தால்தான் கவலைப்பட வேண்டும். கொழுத்த வயிற்றோடு பட்டினி கிடப்பது இந்தப் பூச்சியைப் பொறுத்தவரை இயல்பு.

ஆனால் அந்தப் பாட்டில் போதவே போதாது. இன்றைக்கே மாற்ற வேண்டும். ஏன் என்பதைப் புரிந்துகொள்ள, தோலுரிக்கும்போது நடப்பதை ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் வளர்க்கும் கும்பிடுபூச்சிகளில் பெரும்பாலானவை பட்டினியாலோ நோயாலோ சாவதைவிடத் தோலுரிப்பில் சிக்கிச் சாவதே அதிகம் என்பதை என் பல ஆண்டு அனுபவத்தில் கண்டிருக்கிறேன்.

பூச்சிக்கு எலும்பு உள்ளே இல்லை. வெளித்தோலே அதற்கு எலும்பு. அந்தத் தோல் நீளாது என்பதால், வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றியே ஆக வேண்டும். கும்பிடுபூச்சி தன் நடுக்கால்களையும் பின்கால்களையும் கூரையில் கொக்கிபோல் மாட்டிக்கொண்டு தொங்கும்போது, கழுத்துக்குப் பின்னால் மார்பின் முதுகுப்புறத்தில் பழைய தோல் வெடிக்கும். அந்த வெடிப்பின் வழியே தலையும், நூல்போன்ற உணர்கொம்புகளும், முள் நிறைந்த முன்கால்களும், பிறகு மற்றக் கால்களும், உறையிலிருந்து கத்தியை உருவுவதுபோல் மெல்ல நழுவி வெளியே வரும். அதன் உடல் எடைதான் அதைக் கீழே இழுக்கிறது. ஒரு கட்டத்தில் வயிற்றின் நுனி மட்டும் பழைய தோலில் ஒட்டியிருக்க, மற்ற உடல் முழுவதும் அந்தரத்தில் தொங்கும். கால்கள் சற்று இறுகியதும், அது மேல்நோக்கி வளைந்து தன் பழைய தோலையே பற்றி ஏறிக்கொள்ளும். பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் இவ்வளவும் முடிந்துவிடும். அதன் பிறகு மொட்டுகளுக்குள் உடல்நீர் பாய, கசங்கிய பட்டுத் துணியைப் பிரித்துவிட்டாற்போல இறக்கைகள் விரிந்து தொங்கும். சில மணி நேரத்தில் உலர்ந்து, முதுகின்மேல் மடிந்துகொள்ளும்.

அந்தரத்தில் தொங்கும் அந்த நிமிடங்களில் கீழே இடம் இல்லாவிட்டால், தலையோ முன்கால்களோ தரையில் முட்டும். மென்மையாக இருக்கும் புதுத்தோல் அந்த வளைந்த நிலையிலேயே இறுகிவிடும். ஆகவே பூச்சியின் நீளத்தைப்போல் மூன்று மடங்கு உயரமும் இரண்டு மடங்கு அகலமும் வேண்டும் என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் கணக்கு. உங்களுடையது 7 செ.மீ. இருந்தால், அது தொங்கும் இடத்துக்குக் கீழே 21 செ.மீ. வெற்றிடம் வேண்டும். ஹார்லிக்ஸ் பாட்டில் ஒரு சாண் உயரம்கூட இல்லை, அகலமும் போதாது.

நல்ல வேளையாக, உங்கள் மகன் துணி கட்டியிருக்கிறான். கண்ணாடியையும் வழவழப்பான பிளாஸ்டிக்கையும் பெரிய கும்பிடுபூச்சியால் பற்ற முடியாது. துணியின் நெசவில் அதன் நகங்கள் நன்றாக மாட்டிக்கொள்ளும். அந்தத் துணியைத்தான் இப்போது பயன்படுத்திக்கொள்ளப் போகிறோம். தோல் இன்னும் வெடிக்கவில்லை என்பதைப் பார்த்து உறுதி செய்துகொண்டு, ரப்பர் பேண்டை மெதுவாகக் கழற்றி, பூச்சி தொங்கிக்கொண்டிருக்கும் நிலையிலேயே துணியைக் கிடைமட்டமாகத் தூக்கி, சுத்தமான உலர்ந்த குளியலறை பக்கெட்டின் வாய்மேல் வைத்து விளிம்போடு இழுத்துக் கட்டிவிடுங்கள். துணி சிறியதாக இருந்தால் அதைப் பெரிய கொசுவலைத் துண்டோடு நான்கு துணிக் கிளிப்புகளால் பிணைத்துக்கொள்ளலாம். உள்ளே குச்சி, இலை எதுவும் வேண்டாம். அடியில் ஒரு மெல்லிய துணியை மட்டும் விரித்துவிடுங்கள். இரும்பு வலையை மட்டும் எக்காரணம் கொண்டும் பயன்படுத்தாதீர்கள். கால்நுனிகள் அதில் சிக்கி ஒடிந்துவிடும். மாற்றப் போகும்போது தோல் வெடித்திருப்பதைப் பார்த்தால், பாட்டிலைத் தொடாமல் அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த நேரத்தில் அசைப்பது இடப்பற்றாக்குறையைவிடக் கேடு.

கன்னங்குறிச்சியில் நான் முதன்முதலில் வளர்த்த கும்பிடுபூச்சியை ஊறுகாய் ஜாடியில்தான் வைத்திருந்தேன். அழகுக்காக உள்ளே கொய்யாக் கிளை ஒன்றையும் செருகியிருந்தேன். ஒருநாள் காலையில் பார்த்தபோது, அது அந்தக் கிளையில் முட்டி, வலது முன்கால் முழங்கையில் திரும்பி, இறக்கைகள் சுருண்டு கிடந்தது. கடைசித் தோலுரிப்பு அது. முந்தைய வளர்ச்சிப் பருவங்களில் கால் போனால் அடுத்தடுத்த தோலுரிப்புகளில் சிறிது சிறிதாக முளைத்துவிடும். கடைசித் தோலுரிப்புக்குப் பின் அந்த வாய்ப்பு இல்லை. இரை பிடிக்க முடியாத அந்தப் பூச்சிக்கு இடுக்கியால் ஈயைப் பிடித்து வாயருகே கொண்டுபோய், ஏறக்குறைய மூன்று மாதம் ஊட்டி வந்தேன். அந்த மூன்று மாதமும் ஜாடியைப் பார்க்கும்போதெல்லாம் நான்கு அங்குல உயரத்துக்குக் கணக்குப் பார்த்ததை நினைத்து வருந்தினேன். உங்களை இன்றைக்கே மாற்றச் சொல்வதற்கு அதுவும் ஒரு காரணம்.

தோலுரிக்கும் நடுவில் அது பிடி நழுவி விழுந்துவிட்டால் கையால் எடுக்கக் கூடாது. புதுத்தோலின் எந்தப் பகுதியையும் தொடாமல், இன்னும் ஒட்டியிருக்கும் பழைய தோலை மட்டும் நுனி மெல்லிய இடுக்கியால் பிடித்துத் தூக்கி, துணியின் அடிப்புறத்தில் ஒரு சிறு கிளிப்பால் மாட்டித் தொங்கவிடலாம். விழுந்த சில நிமிடங்களுக்குள் செய்தால்தான் பலன் உண்டு. விழாதவரை வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய வேண்டாம். பையன் பார்க்கட்டும்; ஆனால் பக்கெட்டைத் தட்டாமல், முகத்தில் டார்ச் அடிக்காமல் பார்க்கட்டும்.

பக்கெட்டுக்குள் உயிருள்ள இரை எதுவும் இருக்கக் கூடாது. தோலுரிக்கும் பூச்சியால் தற்காத்துக்கொள்ள முடியாது. சாதாரணச் சிள்வண்டு ஒன்றேகூட அதைக் கடித்துத் தின்றுவிடும். எறும்பு அதைவிட மோசம். சேலத்து வீடுகளில் எறும்பு இல்லாத மூலை ஏது? பக்கெட்டை ஓர் அகலத் தட்டில் வைத்து, தட்டில் தண்ணீர் ஊற்றி ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டுவிட்டால் எறும்பு ஏறாது. எறும்புச் சாக்பீஸ் கோடு போடாதீர்கள்; அந்தப் பொடியிலுள்ள மருந்து எறும்பையும் கும்பிடுபூச்சியையும் பிரித்துப் பார்க்காது. சுவரில் பல்லி இருக்கும் வீடானால் துணி தளராமல் கட்டியிருக்கிறதா என்று இரவில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது ஈரம். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சேலம் நகரம் 300 மீட்டருக்கும் கீழே. இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி வந்ததில், அந்தப் பூச்சி காலையும் மாலையும் பனிமூட்டம் தடவும் காப்பிச் செடியிலிருந்து மின்விசிறிக் காற்று வீசும் அறைக்கு வந்திருக்கிறது. காற்று வறண்டிருந்தால் பழைய தோல் விறைத்து, கால்கள் உள்ளேயே ஒட்டிக்கொள்ளும். ஐப்பசி, கார்த்திகை மழை நாட்களில் சேலத்திலும் ஈரம் இருக்கும் என்பதால் இப்போதைக்குப் பெரிய ஏற்பாடு தேவையில்லை. மின்விசிறிக்கு நேரே வைக்காமல், காலையும் மாலையும் துணியின்மேல் பனித்துளிபோல் தண்ணீர் தெளித்தால் போதும். தோலுரித்துக்கொண்டிருக்கும்போது மட்டும் தெளிக்கக் கூடாது. மாநகராட்சிக் குழாயில் வரும் காவிரித் தண்ணீரில் குளோரின் கலந்திருப்பதால், ஒரு பாத்திரத்தில் ஒரு பகல் திறந்துவைத்து, பிறகு பயன்படுத்துங்கள். குடிப்பதற்கும் அதற்கு இந்தத் துளிகளே போதும். கிண்ணத்தில் தண்ணீர் வைக்க வேண்டாம்.

வெப்பம் 24 முதல் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் நல்லது. இப்போது அது தானாகவே கிடைக்கும். பங்குனி, சித்திரையில்தான் சேலத்தில் இந்தப் பூச்சியை வளர்ப்பது கடினம். மொட்டை மாடிக்குக் கீழிருக்கும் அறையில் வெயில் நேரத்தில் வெப்பம் 40 டிகிரியைத் தொடும்போது பக்கெட்டுக்குள் அது வெந்துவிடும். அந்த மாதங்களில் நான் தரைத்தளத்தில், மண்பானை வைத்திருக்கும் மூலையில் வைப்பேன். எந்தப் பருவத்திலும் மூடிய கண்ணாடிப் பாத்திரத்தை நேர் வெயிலில் வைக்கக் கூடாது.

இனி, நீங்கள் கேட்காத, ஆனால் உங்கள் வீட்டில் நிச்சயமாக இருக்கும் ஓர் ஆபத்தைச் சொல்ல வேண்டும். கொசுவத்திச் சுருளிலும், மின்சாரத்தில் செருகும் கொசு விரட்டித் திரவத்திலும் இருப்பவை டிரான்ஸ்ஃப்ளூத்ரின் போன்ற பைரெத்ராய்டு வகை நஞ்சுகள். மனிதருக்குக் குறைந்த அளவில் பெரிய கேடு இல்லாத இவை, பூச்சியின் நரம்பை நேரடியாகத் தாக்குபவை. கொசுவைக் கொல்வது கும்பிடுபூச்சியையும் கொல்லும். அது உடனே செத்தும் விழாது. கால்கள் நடுங்கி, பிடி தளர்ந்து, ஒன்றிரண்டு நாளில் போகும். காரணம் தெரியாமல் நாம் இரையையும் தண்ணீரையும் குறை சொல்லிக்கொண்டிருப்போம். மழைக்காலத்தில் கொசுவை விரட்டாமல் குழந்தைகளோடு இருக்க முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆகவே பூச்சியை வைக்கும் அறையில் மட்டும் அவற்றை அறவே விலக்கி, அந்த அறையில் படுப்பவர் கொசுவலை கட்டிக்கொள்ளுங்கள். டெங்குக் காலத்தில் தெருவில் புகை மருந்து அடிக்கும் ஓசை கேட்டால், அந்த அறையின் ஜன்னலைச் சாத்தி, வாசனை முழுவதும் போகும்வரை திறக்காதீர்கள். நான்கு ஆண்டுக்கு முன் ஒரு மாலையில் நான் ஜன்னலைச் சாத்தத் தவறியதால், முட்டையிலிருந்து வளர்த்து ஆறாம் வளர்ச்சிப் பருவம் வரை கொண்டுவந்த ஒன்பது பூச்சிகளை மறுநாளே இழந்தேன். கொசுக்கடிக்குப் பூசும் களிம்பு தடவிய கையோடு பூச்சியைத் தொடுவதும் அதேபோல்தான்.

தோலுரித்து முடிந்த பிறகு இரண்டு நாள் இரை போட வேண்டாம். வாயுறுப்புகளும் முன்கால் முட்களும் இறுக வேண்டும்; மென்மையாக இருக்கும்போது இரை திமிறினால் முன்கால் கோணிவிடும். மூன்றாம் நாள் ஓர் ஈயைக் கொடுத்துப் பாருங்கள். கும்பிடுபூச்சி அசையும் இரையை மட்டுமே இரை என்று எடுத்துக்கொள்ளும். பாட்டிலின் அடியில் செத்த ஈக்களைப் போட்டிருந்தால், அது பட்டினி கிடந்திருந்தாலும் தொட்டிருக்காது. அந்த அளவுப் பூச்சிக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை இரண்டு மூன்று பெரிய ஈக்களோ, ஒரு வெட்டுக்கிளியோ, விளக்கு வெளிச்சத்துக்கு வரும் ஓர் அந்துப்பூச்சியோ போதும். இரை அதன் உடல் நீளத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. வயிறு உருண்டு தொங்கும் அளவுக்கு ஊட்டினால், சிறு உயரத்திலிருந்து விழுந்தாலே வெடித்துவிடும். சோறு, இறைச்சித் துண்டு, பழம் எதுவும் வேண்டாம்.

இரை எங்கிருந்து வருகிறது என்பதில் கவனம் தேவை. சமையலறைக் கரப்பான் சத்துள்ள இரைதான். ஆனால் மூலைகளில் ஜெல் மருந்து வைத்திருக்கும் வீட்டில் பிடித்த கரப்பான் நஞ்சைச் சுமந்து வரலாம். மருந்து தெளித்த காய்கறித் தோட்டத்து வெட்டுக்கிளியும் அப்படியே. ஒரு பாட்டிலில் கருவாட்டுத் துண்டைப் போட்டு, வாயில் காகிதக் கூம்பு செருகி, மருந்து வைக்காத கொல்லைப்புறத்தில் வைத்தால் அரை நாளில் வேண்டிய ஈக்கள் உள்ளே போய்விடும். அவற்றை ஓர் இரவு வைத்திருந்து, மறுநாளும் துடிப்பாக இருப்பவற்றை மட்டும் கொடுங்கள். சில வண்ணமீன் கடைகளில் அரவானா மீனுக்காக விற்கும் உயிர்ப்புழுக்களும் நெருக்கடிக்கு உதவும். வண்ணத்துப்பூச்சியையும் குளவியையும் தவிர்த்துவிடுங்கள். முதலாவதில் சட்டப் பாதுகாப்பு பெற்ற இனங்கள் உண்டு, இரண்டாவது கொட்டும்.

பையன் சொன்னதற்கு வருகிறேன். கும்பிடுபூச்சியின் பெரிய கூட்டுக்கண்களில் ஒரு கரும்புள்ளி தெரியும். நாம் நகர நகர அதுவும் நகர்ந்து நம்மைப் பார்ப்பதுபோல் இருக்கும். அது கருவிழி அல்ல. கூட்டுக்கண் என்பது ஆயிரக்கணக்கான நுண்குழாய்களை அடுக்கியதுபோன்ற அமைப்பு. நம் பார்வைக் கோட்டுக்கு நேராக இருக்கும் குழாய்கள் ஒளியை உறிஞ்சிக்கொள்வதால் அவை மட்டும் கறுப்பாகத் தெரிகின்றன. நாம் இடம் மாறினால் வேறு குழாய்கள் நேராக வரும். இரவில் கண் முழுவதும் கருத்துவிடும். அதைப் பார்த்து நோய் என்று பயப்பட வேண்டாம், விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் இருந்தால் பழையபடி வெளுக்கும். ஆனால் அது உங்கள் மகனை உண்மையிலேயே பார்க்கவும் செய்கிறது. பூச்சிகளில் தலையை இவ்வளவு தாராளமாகத் திருப்பிப் பார்ப்பவை மிகக் குறைவு. இரண்டு கண்களின் காட்சியையும் ஒப்பிட்டுத் தூரத்தை அளக்கும் ஆற்றல் இதற்கு உண்டு என்பதை 1983-ஆம் ஆண்டு சாமுவேல் ரோசல் என்ற ஆய்வாளர், கண்ணுக்கு முன் பட்டகங்களை வைத்துக் காட்டினார். 2016-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் விவேக் நித்யானந்தா, ஜென்னி ரீட் ஆகியோர் அடங்கிய குழு, ஒரு கண்ணுக்குப் பச்சையும் மறுகண்ணுக்கு நீலமுமாக நுண்ணிய மூக்குக் கண்ணாடியைத் தேன்மெழுகால் ஒட்டி, முப்பரிமாணப் படம் காட்டியது. திரையிலிருந்து முன்னால் மிதப்பதாகத் தோன்றிய பொய்ப் பூச்சியை நோக்கி அவை முன்கால்களை வீசின. ஆறாம் வகுப்புப் பையனுக்குச் சொல்ல இதைவிட நல்ல கதை எனக்குத் தெரியாது.

காது பற்றியும் அவன் கேட்பான். பல இனங்களில் ஒரே ஒரு காது, அதுவும் மார்பின் அடியில், பின்கால்களுக்கு நடுவே ஒரு பள்ளத்தில் இருக்கிறது. டேவிட் யேகர், ரொனால்ட் ஹாய் என்ற ஆய்வாளர்கள் 1986-இல் இதை அறிவித்தார்கள். அது நம் பேச்சைக் கேட்பதற்கன்று. இரவில் பறக்கும்போது வௌவால் எழுப்பும், நம் காதுக்கு எட்டாத மீயொலியைக் கேட்டதும் சட்டென்று கீழே சுழன்று விழுந்து தப்புவதற்கு அது பயன்படுகிறது. நீண்ட இறக்கையுள்ள ஆண் பூச்சிகளே அதிகம் பறப்பவை. ஏற்காட்டு வீட்டுத் தாழ்வார விளக்குக்கு இரவில் வந்து ஒட்டிக்கொள்ளும் மெலிந்த கும்பிடுபூச்சிகள் பெரும்பாலும் ஆண்கள்தாம்.

கையில் ஏற்றிப் பார்க்க விரும்பினால், தோலுரித்து ஒரு வாரம் போகட்டும். மேலிருந்து பிடிக்காமல், முன்னால் உள்ளங்கையை வைத்து, பின்னாலிருந்து ஒரு புல்லால் மெல்லத் தூண்டினால் தானாக ஏறும். இதற்கு நஞ்சு கிடையாது. கொட்டும் உறுப்பும் கிடையாது. மிரண்டால் முன்கால்களை விரித்து, இறக்கையைத் தூக்கி, பெரிதாகத் தோற்றம் காட்டும். பிடித்து அழுத்தினால் முட்களால் கீறும். கும்பிடுபூச்சி என்றும், பெருமாள் பூச்சி என்றும் கைகூப்புவதை வைத்து நம் ஊரில் பெயரிட்டிருந்தாலும், அந்தக் கூப்பிய கை இரையைக் கவ்வுவதற்காக மடித்து வைத்த பொறி என்பதைப் பையன் தன் கண்ணாலேயே பார்த்துவிடுவான். அது நீண்டு மடங்குவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும்.

காட்டுப் பூச்சி என்பதால் ஒன்றை முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். சில பூச்சிகளின் வயிற்றுக்குள் குதிரைமயிர்ப் புழு எனப்படும் கரிய, நீண்ட, நூல்போன்ற ஒட்டுண்ணி இருக்கும். முதிர்ந்ததும் தண்ணீரைத் தேடி வெளியே வரும். அருவருப்பாக இருக்கும், ஆனால் மனிதருக்கு அதனால் கேடு இல்லை.

வளர்க்கலாமா என்ற கேள்விக்கு என் கருத்தைச் சொல்கிறேன். இந்த ஒன்றை, சில வாரங்கள் மட்டும், வளர்க்கலாம். உறவினரின் சொந்தத் தோட்டத்தில் பிடித்ததால் சிக்கல் இல்லை. ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் காப்புக்காடாக உள்ள பகுதிகளிலிருந்து பூச்சியே ஆனாலும் எடுத்து வரக் கூடாது என்பதை மட்டும் பையனிடம் சொல்லி வையுங்கள். இறக்கை விரிந்ததும் முன்னிறக்கையின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி தெரிந்தால், அது பெரும்பாலும் ஹையரோடூலா என்ற கும்பிடுபூச்சிப் பேரினத்தைச் சேர்ந்ததாக இருக்கும். வலுவானது, புதிதாக வளர்ப்பவருக்கு ஏற்றது. இதைப் பார்த்து ஆசை கூடி, இணையத்தில் ஆர்க்கிட் பூ வடிவில் இருக்கும் வெளிநாட்டு இனங்களை வாங்க முற்படாதீர்கள். அவற்றில் ஒன்று தப்பினாலும் விளைவு சிறியதாக இருக்காது. தென்னாப்பிரிக்காவின் மியோமாண்டிஸ் காஃப்ரா என்ற இனம் 1978-இல் நியூசிலாந்தில் காணப்பட்டது. அந்நாட்டுச் சொந்த இனத்தின் ஆண்கள் அந்த அயல் பெண்களின் மணத்தால் கவரப்பட்டுப் போய், அவற்றுக்கே இரையாகின்றன. நம் பக்கத்து வறண்ட புதர்க்காடுகளிலேயே, காய்ந்த சருகைப்போல் உடலும் கால்மூட்டுகளில் இலைத்துண்டுகளும் கொண்ட கோங்கிலஸ் கோங்கிலோடஸ் என்ற கும்பிடுபூச்சி இருக்கிறது. தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய இந்தப் பூச்சியை 1758-இலேயே இயற்கை அறிவியலாளர் லின்னேயஸ் பெயரிட்டுவிட்டார். ஐரோப்பாவில் அதை ஆசையோடு வளர்க்கிறார்கள். கருவேலம் புதரருகே பொறுமையாக நின்று தேடினால் நமக்கு அதைச் செடியிலேயே பார்க்கும் வாய்ப்பு உண்டு.

அது ஆணா பெண்ணா என்பதை அறிய, வயிற்றின் அடிப்புற வளையங்களை எண்ணுங்கள்: ஆறு என்றால் பெண், எட்டு என்றால் ஆண். கொழுத்த வயிறு என்று நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் பெண்ணாகவே இருக்கும் என்று எண்ணுகிறேன். பெண் என்றால் முழு வளர்ச்சிக்குப் பின் சில மாதங்கள் வாழும். ஆணுக்கு அதைவிடக் குறைந்த நாட்களே உண்டு. உடலுறவின்போது பெண் ஆணைத் தின்றுவிடும் என்று எல்லோரும் சொல்வது எப்போதும் நடப்பதன்று. பசித்த பெண்ணிடமே அந்த ஆபத்து மிகுதி. ஆண் கிடைக்காவிட்டாலும் உங்கள் பூச்சி முட்டைக்கூடு வைக்கும். நுரையாக வெளியே வந்து பழுப்பு நிறத்தில் இறுகும் அந்தக் கூட்டைத் துணியிலோ பக்கெட் ஓரத்திலோ ஒட்டிவிடும். ஆனால் இறக்கை முளைக்குமுன்பே பிடிபட்டது என்பதால் அது இணை சேர்ந்திருக்க வாய்ப்பில்லை. அந்தக் கூட்டிலிருந்து குஞ்சு வராது. ஆணே இல்லாமல் பெண்களே பெண்களைப் பெறும் புருன்னேரியா போரியாலிஸ் என்ற வட அமெரிக்க இனம் இருக்கிறது. ஹையரோடூலா அந்த வகை அல்ல.

இதனால்தான் சில வாரங்கள் மட்டும் என்று சொன்னேன். முழு வளர்ச்சி பெற்று இரண்டு மூன்று வாரத்தில் அது இணை சேரத் தயாராகும். அந்தச் சமயத்தில் பக்கெட்டில் இருந்தால், வீணாகப் போகும் கூடுகளை வைத்துவிட்டு முடிந்துபோகும். மலையில் இருந்தால் அதன் கூட்டிலிருந்து நூற்றுக்கு மேற்பட்ட குஞ்சுகள் வரலாம். ஆகவே தோலுரித்த பின் பத்துப் பதினைந்து நாள் பையன் அதை வைத்திருந்து, இரை பிடிப்பதையும் முகம் கழுவுவதுபோல் முன்காலை நக்கிச் சுத்தம் செய்வதையும் ஆசை தீரப் பார்க்கட்டும். பிறகு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டுக்கே கொண்டுபோய்விடுங்கள். கீழே, சேலத்தில் ஏதாவது பூங்காவில் விடுவது சரியன்று; அது மலையின் குளிருக்கும் அங்குள்ள ஆண்களுக்கும் உரியது.

பயணத்தில் காருக்குள் வெயில் படாதவாறு, துணி கட்டிய டப்பாவில், நடுவே ஒரு குச்சி குறுக்காகப் பொருத்தி எடுத்துச் செல்லுங்கள்; இப்போது தோலுரிப்பு முடிந்துவிட்டதால் குச்சியால் ஆபத்தில்லை. தோட்டத்தில் அண்மையில் மருந்து அடித்தார்களா என்று உறவினரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். மழை பெய்யாத முற்பகலில், பிடித்த இடத்துக்கு அருகில், எறும்பு ஊராத ஒரு செடியின் இடுப்பளவு உயரக் கிளையில் அந்தக் குச்சியை வைத்தால், அது தானாகவே நடந்து இலைக்கு அடியில் போய்த் தலைகீழாகத் தொங்கிக்கொள்ளும்.